எனக்கு யப்பான் காட்டிய மகனுக்கு

தம்பி,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய். சுகமில்லாதவனுக்கு இப்படியெல்லாம் செய்ய உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரே விடயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, தண்ணீர் இறைக்கும் மிசின்களைத் தூசி தட்டி முன்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நீ அனுப்பியது என் போனில் வந்து விழுந்தது. யப்பான் சுற்றுலா. வழிகாட்டியோடு குழுவாகப் போவது. டோக்கியோ, ஹக்கோனே, கியோத்தோ, நாரா, ஒசாகா. போன ஜூனில் நீயும் நானும் போய்வந்த அதே சுற்றுலா, அதே வரிசை, அதே ஹோட்டல்கள். பழமையும் புதுமையும் கைகோர்க்கும் தேசம் என்று மேலே போட்டிருந்த வாசகத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. அதன் கீழே உன் குரற்பதிவு. "அப்பா, ஜெனிற்றாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கலியாணம் முடிய எயார்போட்டிலை வைச்சுத்தான் அவளுக்குச் சொல்லப்போறன். சர்ப்ரைஸ்!" நான் அதை இரண்டாந்தரம் போட்டுக் கேட்டேன். குழாய் வாங்க மயிலிட்டியிலிருந்து வந்திருந்த மனுசன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்ன அண்ணை, ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டார். "ஒருத்தரும் போகேல்லை. என்ரை மகன்ரை மூளைதான் போட்டுது" என்றேன்.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. இந்த வருடம் உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு, கலியாணத்துக்குச் சில கிழமைகளே இருக்கும்போது, நீ கொழும்பிலிருந்து வந்து பையை வைத்தாய். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் "கலியாணம் நிண்டுபோச்சு அம்மா" என்றாய். ஏன் என்று அவள் கேட்டாள். "சரிவரேல்லை" என்றாய். நான் கேட்டேன். எனக்கும் அதே "சரிவரேல்லை"தான். ஆலயத்தில் அறிவிப்பு வாசித்தாயிற்று, அழைப்பு அட்டை ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய் இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான்தானே. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேத்தண்ணியும் ஒரு பார்வையும் கிடைத்தன. "பெடியனிலை ஏதும் பிழையோ?" "பெட்டை என்னவாம்?" நீ தந்த அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மருதனார்மடத்திலிருந்து உடுவில் வரைக்கும் தேத்தண்ணி குடித்துத் திரிந்தேன். போதகர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காதது இன்னும் அந்தரமாக இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, தேனிலவுக்கென்று நீ முன்கூட்டியே போட்டு வைத்த சுற்றுலாவை நிறுத்த முடியாதாம், காசு திரும்பாதாம், ஆகவே அம்மாவும் நானும் போகவேண்டுமாம். அம்மா, "எனக்கு முழங்கால் ஏலாது. தகப்பனும் மகனும் போட்டு வாங்கோ. எனக்கும் கொஞ்ச நாள் வீடு சத்தமில்லாமல் கிடக்கட்டும்" என்றுவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆயுள் முழுக்க யப்பான் மிசின் விற்றவன் நான். தோட்டக்காரர் வந்து, "அண்ணை, இது யப்பான் சாமானோ?" என்று கேட்டு, நான் ஓம் என்று சொன்ன பிறகுதான் மிசினில் கை வைப்பார்கள். அந்த ஊரில் என் கடையைப்போல ஒரு கடை இருக்குமே, அங்கே கடைக்காரன் தோட்டக்காரனிடம் என்ன சொல்லி விற்கிறான் என்று பார்க்கவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் உன்னிடம் சொன்னேன். "பாப்பம் அப்பா" என்றாய். உன் வாயில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது.

ஜெனிற்றாவின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரைப் போட்டாய். ஆனால் புதுமணத் தம்பதி என்ற சொல்லை எடுக்க மறந்துவிட்டாய். எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் திட்டமிடுகிற உனக்கு அந்த ஒரு சொல் கண்ணில் படவில்லை. டோக்கியோ விமான நிலையத்தில் சின்னக் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வழிகாட்டிப் பெண் மிசாக்கி, "மிஸ்டர் அண்ட் மிஸஸ்" என்று நம் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். "இவர் என் அப்பா" என்று நீ சொன்னதும் அவள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்ட விதத்தில், பிழை விட்டது நாங்கள்தான் என்று எனக்கே தோன்றியது. ஹோட்டலில் ஒரே கட்டில். அதன் மேல் துவாயை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள் கழுத்தைக் கோத்துக்கொண்டு நின்றன. சுற்றிவரச் சிவப்புப் பூவிதழ். நீ அன்னங்களை உதறித் துவாயாக்கினாய். சாப்பாட்டு மேசையில் நமக்கு மட்டும் மெழுகுதிரி. குழுவில் மற்ற எல்லோரும் சோடி சோடியாக வந்தவர்கள், பெரும்பாலும் இளந்தம்பதிகள். வயதானவர்கள் என்றால் நானும், தெற்கே காலி நகரத்திலிருந்து வந்த ஒரு டொக்டரும் அவர் மனைவியும்தான். அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாவம் என்பதுபோலத் தலையை ஒரு பக்கம் சரித்தார்.

அதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாமற் போனது நீ என்னை நடத்திய விதம். மிசாக்கி ஒருத்தி நம்மை வழிநடத்தப் போதாதென்று நீ இரண்டாவது வழிகாட்டி. பழைய கோயில் முற்றத்தில் ஊதுவத்திப் புகையை எல்லோரும் கையால் அள்ளித் தலையில் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அது எதற்கு என்று ஒரு கிழவரைக் கேட்கப் போனேன். "அப்பா, நேரமில்லை, படம் எடுக்கோணும், இதிலை நில்லுங்கோ" என்றாய். ஒளியாலேயே செய்த அந்தப் பெரிய கூடத்தில், முழங்கால் அளவு தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கவிட்டார்கள். தண்ணீரின் மேல் வெளிச்சத்தால் ஆன மீன்கள் ஓடின, காலில் முட்டிப் பூவாகச் சிதறின. எனக்கு அந்த இடம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நின்று பார்ப்போம் என்றால், "அடுத்த கூடம்தான் அப்பா வடிவு, கெதியா வாங்கோ." அடுத்த கூடத்துக்குப் போனால் அதற்கு அடுத்தது. நான் என்ன சாப்பிடுவேன் என்று நீயே சொல்லிக் கொடுத்தாய். களைத்துவிட்டேன் என்று நீயே முடிவெடுத்து இருத்தினாய். களை ஆறிவிட்டது என்று நீயே முடிவெடுத்து எழுப்பினாய். மிசின் கடைக் கதையை மறுபடி எடுத்தேன். "உதெல்லாம் இந்தச் சுற்றுலாவிலை இல்லை அப்பா" என்று, ஏதோ நான் சந்திரனுக்குப் போகக் கேட்டதுபோல் சிரித்தாய்.

ஹக்கோனேயில் மலையடிவாரத்துப் பழைய மாதிரி விடுதி. பாயில் படுக்கை, பொதுவில் வெந்நீர்க் குளியல். குளிக்க எல்லாவற்றையும் கழற்றவேண்டுமாம். கிணற்றடியில் சாரத்தோடு குளித்துப் பழகியவன் நான். சுவரில் இருந்த விதிகளை நீ ஒவ்வொன்றாக வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினாய், மானம் போவதற்கும் ஒழுங்குமுறை இருக்கிறது என்பதுபோல. ஆனால் தண்ணீருக்குள் இறங்கிய பிறகு நீ அமைதியாகிவிட்டாய். கையில் போன் இல்லாமல் உன்னை அன்றுதான் பார்த்தேன். வெளியே மழை, உள்ளே ஆவி. இப்போது சொல்வாய், என்ன நடந்தது என்று இப்போது சொல்வாய் என்று காத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காலி டொக்டர் வந்து இறங்கினார். மனைவி வரவில்லையா என்று உன்னை ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நீ என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாய். மறுநாள் அந்தப் பேர்பெற்ற மலை தெரியவில்லை. முகில் மூடிவிட்டது. நீ முகிலோடு கோபித்துக்கொண்டு நின்றாய், தம்பி. ஒப்பந்தம் போட்டுவிட்டு வராமல் விட்ட மேசனைத் திட்டுவதுபோலத் திட்டினாய்.

கியோத்தோவுக்குப் போகும் கடுகதி ரயிலில் நான் யன்னலோரம் இருந்தேன். வயல்கள் வந்தன. பச்சைப்பசேலென்ற நாற்று, வரம்பில் றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு மனுசன், பக்கத்தில் வாய்க்காலில் குழாயை விட்டு ஒரு சின்ன மிசின். "டேய், அங்கை பார்!" என்றேன். நீ நிமிர்ந்து பார்க்க முன்னே அது போய்விட்டது. "என்னப்பா?" "ஒண்டுமில்லை." கியோத்தோவில் சோடிகளுக்குப் பாரம்பரிய உடை உடுத்திப் படம் எடுப்பது சுற்றுலாவில் சேர்ந்ததாம். எனக்கென்று எடுத்து வைத்திருந்தது கொக்குப் படம் போட்ட இளஞ்சிவப்பு உடுப்பு. மிசாக்கி ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாள். தேநீர்ச் சடங்கில் அதை நடத்திய யப்பான் அம்மா கிண்ணத்தை என் முன்னே வைத்தபோது, எந்தப் பக்கம் திருப்புவது, எத்தனை மிடறு, எப்போது குனிவது என்று நீ என் காதுக்குள் ஓதிக்கொண்டே இருந்தாய். அந்த அம்மா மிசாக்கியிடம் மெல்ல ஏதோ சொன்னார். மிசாக்கி முகம் சிவந்து, தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அப்பாவைக் குடிக்க விடும்படி கேட்கிறார் என்றாள். நீ வாயை மூடினாய். கசப்பான தேநீர். ஆனால் அந்தப் பயணத்தில் அதைத்தான் நான் ருசித்துக் குடித்தேன்.

அன்று பின்நேரம் மூங்கில் காடு. நான் உனக்குத் தெரியாமல் மிசாக்கியிடம் கேட்டு வைத்திருந்தேன். மிசன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அதற்குப் போதும். மூங்கில் காட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தோட்டங்கள் இருக்கின்றன, விவசாயச் சாமான் விற்கிற ஒரு பழைய கடையும் இருக்கிறது, நடந்து போகலாம் என்று அவள் சொன்னாள். குழு மூங்கில் பார்த்து முடிக்கிற நேரத்துக்குள் போய்வரலாம், பாலத்தடியில் சந்திப்போம் என்று வழியும் காட்டினாள். உன்னிடம் சொன்னேன். "இல்லை அப்பா, இப்பதான் மூங்கிலுக்கை வெளிச்சம் வடிவாயிருக்கும்" என்றுவிட்டு நடந்தாய். நான் வீதியோரத்துக் கல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, கால் நோகுதோ?"

"இல்லை."

"அப்ப எழும்புங்கோ."

"நான் வரேல்லை."

"என்ன சொல்லுறியள்? எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"பாக்கட்டும். நான் வரேல்லை. நீ போய் மூங்கிலைப் பார். எனக்குக் கால் இருக்கு, கண் இருக்கு, வாய் இருக்கு. ஒருக்காலாவது என்னட்டை என்ன வேணுமெண்டு கேட்டனியோ?"

காலி டொக்டரின் மனைவி தலையைச் சரிப்பதை அன்று மறந்துவிட்டார். மிசாக்கி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நீ ஊடு தெரிகிற பிளாஸ்திக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாய். உன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அவளும் இதைத்தான் சொன்னவள்" என்றாய். எனக்குக் கை தந்து எழுப்பி, தோட்டப் பக்கம் நடக்கத் தொடங்கினாய்.

கடை பூட்டிக் கிடந்தது. அன்று அவர்களுக்கு விடுமுறை. இவ்வளவு வழக்காடி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்தேன். குழாய்ச் சுருள்கள், வரிசையாக மிசின்கள், மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி. எங்கள் கடையைவிடத் துப்புரவு. மற்றப்படி எங்கள் கடைதான். பக்கத்தில் குளிர்பானம் விற்கிற மிசின் ஒன்று நின்றது. நீ அதற்கு முன்னால் போய் நின்று, விரலைத் தூக்கி, பிறகு இறக்கி, திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாய். முந்திரிகைப்பழப் படம் போட்டதைக் காட்டினேன். கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டுதான் நீ வாயைத் திறந்தாய்.

ஜெனிற்றா தொண்டைமானாற்றிலிருந்து மயிலிட்டி வரைக்கும் அந்தக் கரையோரச் சனத்தின் ஆடு மாடுகளைப் பார்க்கிற அரச கால்நடை வைத்தியர். ஆமி பிடித்திருந்த காணி திரும்பக் கிடைத்து வந்து குடியேறியவர்களுக்கு அந்த ஆடு மாடுதான் கையில் உள்ள சீவியம். அவளுக்கு அந்த வேலையில் எவ்வளவு பிடிப்பு என்று எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? நீ என்ன செய்தாய்? கொழும்பில் உனக்குத் தெரிந்த யாரையோ பிடித்து அவளுக்குக் கொழும்புக்கு இடமாற்றம் எடுத்தாய். வீடு பார்த்து, யன்னலுக்குத் துணியும் வாங்கிப் போட்டாய். அவளுக்குச் சொல்லவில்லை. கலியாணப் பரிசாம். கடைசியில் அவளுடைய கந்தோரில், எல்லோருக்கும் முன்னால், மேலதிகாரி "கொழும்புக்குப் போறியளாமே" என்று கேட்டுத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் வந்து உன்னிடம் கேட்டபோது, "உன்ரை நல்லதுக்குத்தானே செய்தனான்" என்றாயாம். அவள் "நான் வரேல்லை" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

வேறு தகப்பன் என்றால் அந்த இடத்தில் தோளில் தட்டியிருப்பான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தச் சோலியால்தான் நான் வீடு வீடாகத் தேத்தண்ணி குடித்தேனா என்று நினைக்க இன்னும் ஏறியது.

"விசரனடா நீ. மன்னிப்புக் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"என்னெண்டு கேட்டனி?"

"சொறி, நான் முதலே உனக்குச் சொல்லியிருக்கவேணும் எண்டு."

"சொல்லியிருக்கவேணுமோ, கேட்டிருக்கவேணுமோ?"

நீ குடையை விரித்தாய். பாலத்தடிக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம் உன் குடை என் பக்கமே சரிந்திருந்தது. உன் தோள் நனைந்துகொண்டு வந்தது.

அதோடு நீ திருந்திவிட்டாய் என்றும் எழுத முடியவில்லை. ஒசாகாவில் மின்விளக்குப் பலகைகள் பகலை உண்டாக்கிக்கொண்டிருந்த அந்தத் தெருவில், "அப்பா, எங்கை போவம்?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? "இடப்பக்கம்" என்றேன். கொஞ்சத் தூரம் போனதும், "இப்ப என்ன வேணும் அப்பா?" திரும்பவும், "இருப்பமோ, நடப்பமோ?" ஒரு பெரிய பிளாஸ்திக்கு நண்டு கால்களை ஆட்டிக்கொண்டிருந்த கடைக்கு முன்னால் நான் பொறுமை இழந்து, "டேய், கேக்கிறதெண்டால் மூச்சு விட நேரம் தந்து கேள்" என்று கத்தினேன். நீ சிரித்தாய். மாதக் கணக்கில் காணாத சிரிப்பு. வழி தவறி, குழுவின் இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டு, ஏதோ ஒரு சந்தில் நின்றபடி மாவுருண்டை தின்றோம். வாய் வெந்தது. கால் ஒரு கிழமைக்கு நொந்தது. அதில் எனக்குக் குறையில்லை.

ஊருக்கு வந்ததும் நீ தொண்டைமானாற்றுக்குப் போனாய். என்ன கதைத்தாய் என்று எனக்குத் தெரியாது. அவள் இடமாற்றத்தைத் தானே எழுதி நிறுத்தியிருந்தாள். நீ போனாய், திரும்பி வந்தாய், பிறகும் போனாய். மாரி தொடங்கும்போது ஒரு நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு குசினியில் இருந்து கதைத்தாள். "அவர் இந்தமுறை ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை மாமி. அதுதான் எனக்குப் புதுசாக் கிடந்தது" என்றாளாம். கலியாணத்தைக் கிறிஸ்மஸ் முடிய வைப்போம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தீர்கள். நான் மறுபடி அட்டை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போனேன். அதே தேத்தண்ணி, ஆனால் சீனி கூடுதல்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் திங்கட்கிழமை உன் "சர்ப்ரைஸ்" வருகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். செவ்வாய் முழுக்க அதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை ஜெனிற்றா தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிய ஸ்கூட்டரோடு கடைக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கினாள். "என்ன மாமா, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்னங்கள், இளஞ்சிவப்பு உடுப்பு, முகில், பூட்டின கடை, எல்லாம். அவள் வாங்கில் இருந்தபடி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இந்தமுறை அவர் என்னட்டைக் கேப்பார் எண்டு நினைச்சன் மாமா."

"நான் அவனுக்கு ரெண்டு போடுறன் பிள்ளை."

"வேண்டாம். எனக்குத் தெரியுமெண்டு சொல்லாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை வருவார்தானே. அவராக் கேக்கிறாரோ எண்டு பாப்பம்."

"கேளாட்டில்?"

அவள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "மகன் கேளாமல் செய்யிறான். தகப்பன் கேளாமல் சொல்லுறார். நல்ல குடும்பம்" என்றாள். கோபத்தில் வியாழன் காலை கடைக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன். அன்றைக்கே அனுப்பி உன்னை உசுப்பிவிடத்தான் நினைத்தேன். பாதி எழுதும்போது நிறுத்தினேன். நான் சொல்லி நீ கேட்டால் அது நீ கேட்டதாகுமா? அந்தப் பிள்ளைக்கு அதுவா வேண்டும்? அந்த நேரம் நீயே எடுத்தாய். "அப்பா, அவளுக்குச் சொல்லேல்லைத்தானே?" நான், "மழை, ஒண்டும் கேக்கேல்லை" என்று போனை வைத்தேன். நாக்கைக் கட்டி வைத்திருப்பது என் போன்றவனுக்கு எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாது.

மிச்சத்தை இன்று திங்கட்கிழமை எழுதுகிறேன். நேற்று ஆராதனை முடிந்து வந்து நான்கு பேரும் மேசையில் இருந்தோம். அம்மா நண்டுக்கறி வைத்திருந்தாள். ஜெனிற்றா நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. "ஜெனிற்றா, உன்னட்டை ஒண்டு கேக்கோணும்" என்றாய். "யப்பானுக்கு ரெண்டு பேருக்குப் பதிஞ்சிட்டன். உன்னைக் கேளாமல். சர்ப்ரைஸ் எண்டு நினைச்சுத்தான் செய்தனான். வரேக்கை ரயிலிலை யோசிச்சுப் பாத்தன். இதுவும் அந்த இடமாற்றம் மாதிரித்தான். காசு போனாலும் பறவாயில்லை, நிப்பாட்டலாம். உனக்குப் போக விருப்பமோ?"

அவள் நண்டுக்காலிலிருந்து சதையை ஆறுதலாக எடுத்தாள். நீ வாயைத் திறந்தாய். இனி வெளிச்சம், மூங்கில், தள்ளுபடி என்று தொடங்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ வாயை மூடினாய். கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி இருந்தாய். அம்மா அகப்பையைச் சட்டியில் வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"யப்பானிலை மாட்டுப் பண்ணை இருக்கோ?" என்றாள்.

"இருக்கு, வடக்கிலை. ஆனா அது இந்தச் சுற்று..." என்று இழுத்து நிறுத்தி, "இருக்கு" என்று மட்டும் சொன்னாய்.

"அப்ப அங்கை போவம். குழு வேண்டாம். பனிக்கை மாடுகளை என்னெண்டு வைச்சிருக்கினம் எண்டு பாக்கோணும்."

போவம் என்றாள். வாறன் என்று சொல்லவில்லை. அது உன் காதில் விழுந்ததா என்று தெரியாது, எனக்கு விழுந்தது. உன்னுடைய டோக்கியோவும் கியோத்தோவும் ஒரு மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் சரிந்து விழுந்ததை உன் முகத்தில் பார்த்து அம்மா விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். நீயும் சிரித்தாய். ஜெனிற்றா எனக்கு மட்டும் தெரிய ஒருதரம் கண்ணைக் காட்டினாள். ஆம், அவளுக்கு முதலே தெரியும். இப்போது உனக்கும் தெரியும். கோபிக்கிறதென்றால் என்னைக் கோபி, அந்தப் பிள்ளையை விடு.

இனி இந்தக் கடிதம் எதற்கு, கிழித்துப் போடுங்கோ என்கிறாள் அம்மா. கிழிக்க மாட்டேன். கலியாணத்துக்குப் பிறகு ஆயிரம் நாளில் ஆயிரம் முறை அவளிடம் ஒன்றைக் கேட்பாய். கேட்ட பிறகு பதில் வரும்வரைக்கும் நேற்று இருந்ததுபோல இரு. எவ்வளவு நேரமானாலும் இரு. அவள் சொல்வது உனக்குப் பிடிக்காததாயும் இருக்கும், அப்போதும் இரு. எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது இதுதான். இதைச் சொல்ல இவ்வளவு தாள் தேவைப்பட்டது உன்னால்தான்.

பிறகு ஒன்று. காலையில் நீ ரயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாய். கலியாணத்தன்று அப்பா போடவேண்டிய சேட், தைக்கக் கொடுத்தாயிற்று என்று கீழே எழுதியிருக்கிறாய். மெல்லிய ஊதா. அந்தச் சேட்டை நான் போடமாட்டேன். நிறத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பிடித்த நிறம்தான்.

கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

அப்பா